தாலம் ஏந்திய சிறுபெண்

ஒரு வருஷம் முழுக்க என்னைத் 'தலைவாங்கி' என்று கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு 12 வயது. நாகர்கோவில் பக்கம் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவுக்கு யோவான்ஸ்நானன் நாடகம் போட்டோம். ஏரோது ராஜாவின் விருந்தில் அவன் மனைவி ஏரோதியாளின் மகள் ஆடுகிறாள், என்ன வேண்டுமானாலும் கேள் என்கிறான் ராஜா, அம்மா சொல்படி அவள் தீர்க்கதரிசி யோவானின் தலையைக் கேட்டு வாங்குகிறாள். இதுதான் வேதாகமக் கதை. ஏரோதியாளின் மகள் வேஷம் எனக்கு. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, என்னிடம் ஜரிகை வைத்த பாவாடை இருந்தது. ஆனால் கோயில் வளாகத்தில் பெண்பிள்ளை நடனம் ஆடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாடகமே அந்த நடனத்தில்தான் திரும்புகிறது, என்ன செய்வது? டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். ராஜா "ஆடு" என்றதும் திரையை மூடிவிடுவது. உள்ளேயிருந்து ஒரு அண்ணன் டோலக் தட்டுவார். ஒரு நிமிஷம் கழித்துத் திரை விலகும்போது நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மூச்சு வாங்க வேண்டுமே என்பதற்காக அந்த ஒரு நிமிஷமும் திரைக்குப் பின்னால் நான் குதித்துக்கொண்டே இருந்தேன். தலைக்கு ஒரு குடுமித் தேங்காய். நாரைக் கோதி முடியாக விட்டு, சிவப்பு மை ஊற்றி, எங்கள் வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு அத்தை அம்மாவிடம், "நல்ல பிள்ளைக்கு இந்த வேஷத்தை ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். ஏரோதாக நடித்த பையனுக்குக் கைதட்டல், அதோடு பரிசாக ஒரு பேனா. கொல்லச் சொன்னது அவன். வெட்டியது அவன் அனுப்பிய சேவகன். கேட்கச் சொன்னது ஏரோதியாள். பட்டப்பெயர் மட்டும் எனக்கு வந்தது. அது ஏன் என்று அந்த வயதில் யாரிடமும் கேட்கத் தெரியவில்லை.

இதெல்லாம் மறந்தே போயிருந்தது. போன குளிர்காலத்தில், நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரின் ஓபெரா அரங்கில் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் 'சலோமே' பார்க்கப் போனேன். ஓபெரா என்றால் முழுக்கப் பாட்டாகவே நடக்கிற நாடகம். இது அதே ஏரோதியாளின் மகளின் கதை. ஒரே அங்கம், சுமார் 100 நிமிஷம், இடைவேளை கிடையாது. முன்னிசை என்று எதுவும் இல்லை. ஒரு கிளாரினெட் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு ஏறுகிறது, உடனே நாம் அரண்மனை மாடத்தில் நிலவொளியில் நிற்கிறோம். கிணற்றுக்குள் அடைபட்ட தீர்க்கதரிசியின் குரல் கீழேயிருந்து வருகிறது. விருந்திலிருந்து தப்பி ஓடிவந்த சலோமே முதலில் பேசுவதே ஏரோதின் பார்வையைப் பற்றித்தான். ராஜா ஏன் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அம்மாவின் புருஷன் என்னை இப்படிப் பார்ப்பது விசித்திரமாக இருக்கிறதே என்கிறாள். அந்த வரியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்தப் பேச்சைப் பேசுகிற பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். அதற்கப்புறம் வந்த ஒன்றரை மணி நேரத்தையும் அந்த ஒரு வரியின் மேல் நின்றுகொண்டுதான் பார்த்தேன்.

முடிந்ததும் கொடுத்துவைத்த கோட்டைத் திரும்ப வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் தன் கணவரிடம் சொன்னார்: "எப்பேர்ப்பட்ட ராட்சசி!" அவர் பாராட்டாகத்தான் சொன்னார், பாடகியின் நடிப்பை மெச்சி. எனக்கோ காது சுட்டது. 30 வருஷத்துக்கு முந்தைய அந்தப் பட்டப்பெயரை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு வரி

ஐரோப்பிய மேடைக்கு இப்படி ஒரு பெண் வரிசையே உண்டு. கார்மென், தெலீலாள், லூலூ, நடுநாயகமாக சலோமே. 'ஃபாம் ஃபத்தால்' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். கிட்டே போகிற ஆணின் உயிருக்கு உலை வைக்கிறவள் என்று பொருள். இவர்களில் சலோமேயின் கதைதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது. ஏனென்றால் மற்றவர்களுக்கு மூலக்கதையிலேயே ஒரு குணம் இருந்தது. இவளுக்கு அதுவும் கிடையாது. சுவிசேஷத்தில் இவளுக்குப் பெயரே இல்லை, வெறும் 'ஏரோதியாளின் குமாரத்தி'. மாற்கு சுவிசேஷத்தில் சலோமே என்று ஒருத்தி வருகிறாள், ஆனால் அவள் வேறு. இயேசுவின் கல்லறைக்குச் சுகந்தவர்க்கம் வாங்கிக்கொண்டு போன பெண்களில் ஒருத்தி. எங்கள் சபையில் இரண்டு சலோமி அத்தைகள் உண்டு, இருவரும் அந்தச் சலோமேயின் பெயரைக் கொண்டவர்கள்.

ஏரோதியாளின் மகளுக்குச் சலோமே என்று பெயர் என்பது முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் எழுதித்தான் தெரியும். அவர் யோவானின் சாவையும் எழுதுகிறார். ஜனங்கள் யோவானின் பேச்சைக் கேட்டுத் திரள்கிறார்கள், கலகம் வந்துவிடுமோ என்று ஏரோது பயந்தான், மக்கேருஸ் கோட்டைக்கு அனுப்பிக் கொன்றான். அவ்வளவுதான். அங்கே விருந்து இல்லை, நடனம் இல்லை, தாலம் இல்லை. சலோமே வேறோர் இடத்தில் வம்சாவளிப் பட்டியலில் வருகிறாள். பிலிப்பு என்பவனைக் கட்டினாள், அவன் இறந்தபின் அரிஸ்தோபுலுவைக் கட்டினாள், மூன்று ஆண்பிள்ளைகள். அந்த அரிஸ்தோபுலு வெளியிட்ட காசு ஒன்றில் ஒருபக்கம் அவன் முகம், மறுபக்கம் 'ராணி சலோமே' என்ற எழுத்தோடு அவள் முகம். யாரும் அவளைக் கொல்லவில்லை.

இடைக்காலத்துச் சிற்பிகளுக்குக்கூட அவள் மோகினி ஆகவில்லை. பிரான்சின் ரூவான் பேராலய வாசலில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று இருக்கிறது. விருந்து மேஜைக்கு முன்னால் அவள் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றித் தலைகீழாக நிற்கிறாள், நம் ஊர்க் கழைக்கூத்தாடிப் பெண் நிற்பதைப் போல. பெரியவர்கள் சாப்பிடும்போது வித்தை காட்டுகிற பிள்ளை. 1876இல் குஸ்தாவ் மோரோ வரைந்த ஓவியங்களில் அதே பெண் நகையும் புகையுமாக நின்று, அந்தரத்தில் மிதக்கும் தலையை நோக்கிக் கை நீட்டுகிறாள். பாரிஸ் மயங்கிப் போனது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1891இல் பாரிஸில் உட்கார்ந்து பிரெஞ்சிலேயே தன் 'சலோமே' நாடகத்தை எழுதியபோது, இந்தப் பெண்தான் அவர் கண்ணில் இருந்தாள். ஸ்ட்ராஸின் ஓபெரா இந்த நாடகத்திலிருந்துதான் வந்தது.

வைல்டு செய்த மாற்றங்களில் ஒன்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. சுவிசேஷத்தில் அந்தப் பிள்ளை வெளியே ஓடி அம்மாவிடம் "என்ன கேட்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறது. வைல்டின் சலோமே அம்மாவைக் கேட்பதில்லை. அம்மா சொல்லி நான் கேட்கவில்லை, என் சந்தோஷத்துக்காகவே கேட்கிறேன் என்று ஏரோதிடம் நேராகச் சொல்கிறாள். தன்னை ஏறெடுத்தும் பார்க்காத தீர்க்கதரிசியின் வாயை முத்தமிட வேண்டும் என்பது அவள் ஆசை. ஏரோது மரகதம் தருகிறேன் என்கிறான், வெள்ளை மயில்களைத் தருகிறேன் என்கிறான், கடைசியில் தேவாலயத் திரையையே தருகிறேன் என்கிறான். அவள் மறுபடி மறுபடி ஒன்றையே கேட்கிறாள்.

நடனம்? வைல்டின் பிரதியில் அதற்கு ஒரே ஒரு வரிதான். சலோமே ஏழு திரை நடனம் ஆடுகிறாள். எப்படி ஆடுகிறாள், எவ்வளவு நேரம், உடம்பில் போர்த்திய அந்த மெல்லிய துணித் திரைகளைக் களைகிறாளா, எதுவும் கிடையாது. இதைப் படித்தபோது எங்கள் டீச்சரை நினைத்துக்கொண்டேன். அவரும் அதைத்தான் செய்தார்: திரையை மூடி, பார்க்கிறவர்களின் கற்பனைக்கு விட்டுவிட்டார். அந்தக் காலியிடத்தில் பார்க்கிறவர்கள் எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பியும் கொண்டார்கள். ஸ்ட்ராஸ் அந்த ஒற்றை வரிக்கு ஏறக்குறைய 10 நிமிஷ இசை எழுதினார், ஓபெராவின் மற்ற பாகமெல்லாம் முடிந்தபின் தனியாக.

நல்ல குடும்பத்துப் பெண்கள்

இந்த வேஷத்தைப் போட்ட பெண்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தேடித் தேடிப் படித்தேன். 1892இல் லண்டனில் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார் வைல்டின் நாடகத்துக்கு ஒத்திகையைத் தொடங்கிவிட்டார், அப்போது அவருக்கு 47 வயது. வேதாகமப் பாத்திரங்களை மேடையேற்றக்கூடாது என்ற பழைய விதியைக் காட்டித் தணிக்கை அதிகாரி தடுத்துவிட்டார். 1896இல் பாரிஸில் நாடகம் முதன்முறை அரங்கேறியபோது வைல்டு இங்கிலாந்துச் சிறையில் இருந்தார். ஓபெரா வந்தது 1905 டிசம்பர் 9 அன்று, ஜெர்மனியின் டிரெஸ்டனில். முதல் சலோமேயாகப் பாடிய மரீ விட்டிஹ் ஒத்திகையிலேயே மறுத்தார். "நான் இதைச் செய்ய மாட்டேன், நான் கண்ணியமான பெண்" என்றார். கடைசியில் நடனத்துக்கு மட்டும் வேறொரு நடனக்காரியை அவர் வேஷத்தில் நிறுத்தினார்கள். அன்றைக்கு 38 முறை கலைஞர்களைத் திரைக்கு முன் அழைத்துக் கைதட்டினார்கள் என்று பதிவாகியிருக்கிறது. விட்டிஹ் சொன்ன வாக்கியத்தைப் பலரும் ஒரு வேடிக்கையாகவே எழுதுகிறார்கள். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. "நல்ல பிள்ளைக்கு ஏன் இந்த வேஷம்" என்று அத்தை கேட்டதற்குள் இருந்த பயமும் இதுவும் ஒன்றுதான். மேடையில் அவள் செய்கிறது உன்மேல் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். விட்டிஹ் அதை நன்றாகவே கணித்திருந்தார்.

ஒட்டிக்கொண்டது, மாட் ஆலனுக்கு. கனடாவில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்து, பெர்லினுக்குப் பியானோ படிக்க வந்த பெண். அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய அண்ணன் இரண்டு பெண்களைக் கொன்ற குற்றத்துக்காக 1898இல் தூக்கிலிடப்பட்டான். அப்புறம் அவர் பியானோவை விட்டு நடனத்துக்கு வந்தார். 1906இல் வியன்னாவில் 'சலோமேயின் தரிசனம்' என்ற நடனத்தை ஆடினார். 1908இல் லண்டன் பேலஸ் தியேட்டரில் அது 250 முறைக்கு மேல் நடந்தது. முத்துச் சரங்களும் மெல்லிய பாவாடையும் கட்டி அவர் ஆடியதைப் பார்க்க ஊரே திரண்டது. பத்து வருஷம் கழித்து, 1918இல், போர் நடந்துகொண்டிருக்கையில், வைல்டின் நாடகத்தைத் தனி அரங்கில் போட அவர் ஒப்புக்கொண்டார். நோயல் பெம்பர்டன் பில்லிங் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் பத்திரிகை அவரைப் பற்றி அருவருப்பான ஒரு தலைப்போடு குறிப்பு எழுதியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். பில்லிங் தானே வாதாடினார். அண்ணன் தூக்கிலிடப்பட்ட கதையை நீதிமன்றத்தில் எடுத்து வெளியே போட்டார். அந்தத் தலைப்பில் இருந்த உடற்கூற்றுச் சொல்லுக்கு மாட் ஆலனுக்குப் பொருள் தெரிந்திருக்கிறது என்பதே அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஆதாரம் என்று வாதிட்டார். பில்லிங் விடுதலையானார், வெளியே கூட்டம் ஆரவாரித்து வரவேற்றது. மாட் ஆலனின் பெயர் அதோடு போயிற்று. கூண்டில் நிறுத்தப்பட்டது பில்லிங். விசாரிக்கப்பட்டதோ சலோமே.

இதையெல்லாம் படித்தபின் இன்னொன்று உறைத்தது. ஸ்ட்ராஸுக்கு வேண்டியிருந்தது 16 வயது இளவரசி, ஆனால் இசோல்டேயைப் பாடக்கூடிய குரல். அவரே அப்படித்தான் சொன்னார். இசோல்டே வாக்னரின் கதாநாயகி, குரலைப் பிழிந்தெடுக்கிற பாத்திரம். மேடைக்கு முன்னால் உள்ள வாத்தியப் பள்ளத்தில் 100 வாத்தியங்களுக்கு மேல் முழங்கும்போது அதையும் தாண்டி மேல் மாடம் வரைக்கும் கேட்கிற குரல் எந்த 16 வயதுப் பெண்ணுக்கும் இருக்காது. அது முற்ற 20 வருஷம் ஆகும். ஆகவே மேடைக்கு வருவது எப்போதும் நன்கு வளர்ந்த, தன்னம்பிக்கை நிறைந்த ஒரு பெண். ஏரோது அவளைப் பார்க்கும்போது நமக்கு அது ஒரு ஆண் ஒரு பெண்ணைப் பார்ப்பதாகத் தெரிகிறது. பிள்ளையைப் பார்ப்பதாகத் தெரிவதில்லை. வைல்டு வசனத்தில் பத்திரமாக எழுதிவைத்த அசிங்கத்தை, இசையின் கனமே நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. நான் பார்த்த பாடகிக்கும் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவர் பாடியதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டு வரிசையில் 'ராட்சசி' என்ற சொல் அவ்வளவு சுலபமாக வந்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அம்மா வாசித்தது

அந்த வாரம் அம்மாவிடம் போனில் பேசும்போது தலைவாங்கி கதையை எடுத்தேன். "அம்மா, அந்த நாடகம் ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? அந்தப் பாவாடையில பட்ட செவப்பு மை போகவே இல்லையே மக்ளே."

ஓபெரா கதையைச் சொன்னேன். தலையை முத்தமிடுவதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேதத்துல அப்படி இல்லையே" என்று சொல்லிக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, மாற்கு 6ஆம் அதிகாரத்தை ஜெபத்துக்கு வாசிக்கிற குரலில் வாசித்தார். சேவகன் தலையைத் தாலத்திலே கொண்டுவந்து அந்தச் சிறுபெண்ணுக்குக் கொடுத்தான். அந்தச் சிறுபெண் அதைத் தன் தாயினிடத்தில் கொடுத்தாள். அங்கே நிறுத்தினார். "சிறுபெண்ணுல்லா போட்டிருக்கு" என்றார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "யவீருக்க மகளையும் இப்படித்தானே சொல்லியிருக்கு? முந்தின அதிகாரம் பாரு."

பார்த்தேன். செத்துப்போன யவீருவின் மகளைக் கையைப் பிடித்து இயேசு எழுப்புகிற இடம். "சிறுபெண்ணே எழுந்திரு." அந்தப் பிள்ளைக்கு 12 வயது என்று அடுத்த வசனமே சொல்கிறது. கிரேக்க மூலத்தைத் தேடினேன், இரண்டு இடத்திலும் அதே சொல், 'கொராசியோன்', சிறுமி. ஒரு அதிகாரத்தில் ஒரு சிறுபெண்ணைக் கைபிடித்து உயிரோடு எழுப்புகிறார்கள். அடுத்த அதிகாரத்தில் இன்னொரு சிறுபெண்ணின் கையில் ஒரு தலையைக் கொடுக்கிறார்கள். இவ்வளவு வருஷம் ஞாயிறுதோறும் கேட்ட வேதத்தில் நான் இந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் ஒரே சொல்லை மாற்றாமல் போட்டு வைத்திருந்தார்கள். அம்மாவின் காதுதான் அதைப் பிடித்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மாற்கில் ஏரோதியாள் தலையை மட்டுமே கேட்கச் சொல்கிறாள். தாலம் என்பது அவள் வாயில் இல்லை. ராஜாவிடம் ஓடிவந்த பிள்ளைதான் தாலத்தில் வைத்துத் தா என்று சேர்த்துச் சொல்கிறது. இதை அவளுடைய குரூரத்துக்குச் சாட்சியாகக் காட்டலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்து நடக்கிறது, எல்லாமே தட்டில் வருகிறது. தலை என்றால் அதை எப்படிக் கையில் வாங்குவது என்று ஒரு பிள்ளை யோசித்தால் வேறென்ன கேட்கும்? நானும் ஒத்திகையில் டீச்சரிடம் அதைத்தான் கேட்டேன், எதில் வைத்துத் தருவீங்க டீச்சர் என்று.

வைல்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அவளுக்கு ஓர் ஆசையைக் கொடுத்தார், பேச்சைக் கொடுத்தார். ஸ்ட்ராஸ் அந்தத் தலையிடம் அவள் பாடுகிற கடைசிப் பாட்டுக்குத் தன் இசையிலேயே மிக அழகானதைக் கொடுத்தார். அதற்குச் சற்று முன்னால், கொலைகாரன் கிணற்றுக்குள் இறங்கியபின் அவள் விளிம்பில் குனிந்து காது கொடுக்கிறாள். ஏறக்குறைய எல்லா வாத்தியங்களும் அடங்கி, டபுள் பாஸ் என்கிற ஆளுயர வயலின் ஒன்று, தந்தியை விரல்களுக்கிடையில் கிள்ளிப் பிடித்து, தொண்டையில் சிக்கிய முனகல் மாதிரி விட்டு விட்டு ஒலிக்கிறது. ஒரு பெண் அடக்கிக்கொண்டு முனகுவது போலக் கேட்க வேண்டும் என்பது ஸ்ட்ராஸின் குறிப்பு. அரங்கத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த இடத்தில் நான் அழுதேன், இன்னொரு முறை போனாலும் அழுவேன். ஆனால் அந்தக் கடைசி நிமிஷத்தை மட்டும் இனி பழைய மாதிரி பார்க்க முடியாது. ஆட்டத்துக்கு முன்னால் "சலோமே, சலோமே, எனக்காக ஆடு" என்று பெயரைச் சொல்லிச் சொல்லிக் கெஞ்சியவன் ஏரோது. ஆசை தீர்ந்து பயம் வந்ததும் படியில் திரும்பி நின்று ஆணையிடுகிறான்: அந்தப் பொம்பளையைக் கொல்லுங்கள். பெயர் போய்விட்டது, மகள் முறை போய்விட்டது. சேவகர்கள் கேடயங்களால் அவளை நசுக்குகிறார்கள், இசை நாலைந்து அடி அடித்து நின்றுவிடுகிறது. அவன் உயிரோடு உள்ளே போகிறான்.

சுவிசேஷத்தில் அந்தப் பிள்ளையின் கதை இப்படி முடிவதில்லை. தாலத்தை அம்மாவிடம் கொடுக்கிறாள், அத்தோடு அவளைப் பற்றிப் பேச்சே இல்லை. எங்கள் நாடகத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஏரோதியாளாக நடித்த அக்காவிடம் தாம்பாளத்தை நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு ராஜாவின் பக்கம் திரும்பி வசனம் பேசத் தொடங்கினாள். எனக்கு அதற்கப்புறம் வசனம் கிடையாது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்றும் யாரும் சொல்லித் தரவில்லை. கையெல்லாம் சிவப்பு மையோடு மேடை நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். ஓரத்திலிருந்து டீச்சர் சத்தமில்லாமல் கையை அசைத்து, "இறங்கி வா பிள்ளே, இறங்கி வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.